முழுசா முடிச்ச வேலை

"பத்து மணிக்கு வர்றேன்னு சொன்னவர் நீங்கதானே?"

வராந்தாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கதிர்வேல் திரும்பினான். "ஆமா மேடம், கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

ஆராய்ச்சி மாணவி சுகாசினி அவனை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். அவன் விரல்களில் அப்பியிருந்த கறுப்பைப் பார்த்துவிட்டு, துடைத்துக்கொள்ளக் காகிதம் நீட்டினாள்.

"உங்களுக்கு ஏ.டி.எச்.டி., அதான் இந்தக் கவனம் நிலைக்காத பிரச்சினை, இருக்குதுன்னு எப்ப தெரிஞ்சுது?"

"போன வருஷம், இதே ஆஸ்பத்திரியில. மாத்திரை குடுத்தாங்க. அதைச் சாப்பிடத்தான் மறந்துடுது."

அவள் கம்ப்யூட்டரைத் திருப்பினாள். "ஒவ்வொரு தடவையும் ரெண்டுல ஒண்ணை எடுக்கணும். கீபோர்டுல சும்மா நாலு தட்டு தட்டினா ஒரு நட்சத்திரம். சுண்டுவிரலால விடாம தட்டினா அஞ்சு. முடியலன்னா எப்ப வேணா எழுந்து போயிடலாம்."

கதிர்வேலுக்குத் தன் லட்சணம் தெரியும். வீட்டில் பாதிச் சுவருக்குத்தான் பெயின்ட். மிக்ஸியைப் பிரித்தது பொங்கலுக்கு முன்னால். சட்னி இன்னும் பக்கத்து வீட்டில்தான் அரைபடுகிறது. தறிக்காரரான அப்பா அவனைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "பாவு ஏத்துவான், புடவை இறக்க மாட்டான்."

முந்தாநாள் முதலாளியும் சொல்லிவிட்டார். "இன்னொரு வேலைய பாதியில விட்டுட்டு வந்தே, அப்படியே வீட்டுக்குப் போயிடு." காலையில் மனைவி துர்காதேவி காமாட்சி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியமே வாங்கியிருந்தாள்.

ஆனால் திரையில் முதல் நட்சத்திரம் 'டிங்' என்று விழுந்ததும் அவனுக்கு என்னவோ ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் கஷ்டமானதையே எடுத்தான். சுண்டுவிரல் மரத்துப்போனது. தெருவில் சாமி புறப்பாட்டு மேளம் கேட்டது, எட்டிப் பார்க்கவில்லை. போன் அடித்தது, தொடக்கூட இல்லை.

கடைசி நட்சத்திரமும் விழுந்தது.

"சூப்பர்! கடைசி வரைக்கும் கஷ்டமானதையே எடுத்தவங்க இதுவரைக்கும் யாருமே இல்ல" என்றாள் சுகாசினி.

கதிர்வேலுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு வேலையை முழுசாக முடித்திருக்கிறான்! இதைத் துர்காவிடம் சொல்லாமல் எப்படி? போனை எடுத்தான்.

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வாட்ச்மேன் ராஜவேலு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"டாக்டர் ரூம் ஏசிய பிரிச்சுப் போட்டுட்டு, இங்க இன்னாப்பா விளையாடிக்கினு இருக்கிற?"