சிக்னலுக்கு அந்தப் பக்கம்

கையைப் பிடித்தவர் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

"வாம்மா, வாம்மா. நான் கீறேன்ல."

வெற்றிலை வாசம். சொரசொரப்பான உள்ளங்கை. அவள் வாயைத் திறப்பதற்குள் இருவரும் நடுச்சாலையில் இருந்தார்கள். ஒரு பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. யாரோ திட்டினார்கள். அவர் திருப்பித் திட்டினார்.

"கண்ணு தெரியாத பொண்ணுய்யா. ஒரு நிமிசம் நிக்க மாட்டியா?"

அவள் சாலையைக் கடக்க வேண்டியதே இல்லை.

மெட்ரோ ஸ்டேஷன் வாசலிலிருந்து நேராக நடக்க வேண்டும். சிக்னல் முனையில் இடப்பக்கம் திரும்பினால் பேங்க். காலையில் அண்ணனோடு ஒருமுறை நடந்து மனதில் வாங்கியிருந்தாள். முனையில் அவள் நின்றது, திரும்பும் இடத்தைக் குச்சியால் தேடத்தான்.

நிற்கிற குருடி ரோட்டைக் கடக்கத்தான் நிற்பாள் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

எதிர்ப்பக்கம் ஏறியும் அவர் கையை விடவில்லை. நடைபாதையில் ஏதோ பள்ளம் என்று சொல்லிச் சுற்றி இழுத்துக்கொண்டு போனார். எங்கோ ஓரிடத்தில் நிறுத்தி, தோளைத் தட்டினார்.

"பாத்துப் போம்மா."

போய்விட்டார்.

நன்றி என்று சொன்னோமா என்று அவள் யோசித்தாள். சொல்லியிருந்தாள். பழக்கம்.

இப்போது சாலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஹாரன்.

பதவி உயர்வு வந்திருந்தது. ஊர் சென்னை. வேண்டாமென்றால் இன்று மாலைக்குள் சொல்லிவிட வேண்டும்.

பாளையங்கோட்டையில் அவள் தனியாக நடந்ததில்லை. அங்கே பேங்கில் சேர்ந்த நாளிலிருந்து அண்ணன் இசக்கிராஜின் பைக்தான். காலையில் வாசலில் இறக்கிவிடுவான். சாயங்காலம் அதே வாசலில் நிற்பான். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. வெளியூரிலிருந்து வந்த வேலைகளை அவன் ஏன் மறுத்தான் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

நேற்று ரயிலில் அவன்தான் சொன்னான்.

"ஸ்டேஷன்லேர்ந்து பேங்க் வரைக்கும் நீயாப் போயிட்டு நீயா வா. வந்துட்டேன்னா சரி. இல்லேன்னா வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவோம்."

அவள் சரி என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது.

போன் அடித்தது. எடுத்து வலது காதில் வைத்தாள்.

"ஏளா, சேந்துட்டியா?"

"நீ எங்க இருக்கேண்ணே?"

"நான் ஸ்டேஷன்லதான் உக்காந்திருக்கேன். நீ எங்க நிக்கே?"

பக்கத்தில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி இருந்தது. மெஷினில் கட்டிய சலங்கை குலுங்கிக்கொண்டிருந்தது. இடது காதில் அது தெளிவாகக் கேட்டது.

வலது காதிலும் கேட்டது. போனுக்குள்.

மெஷின் நின்றது. போனிலும் நின்றது.

மறுபடி சுற்றியது. போனிலும்.

அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்தினாள்.

அந்த ஆள் இழுத்துக்கொண்டு போனதை அண்ணன் பார்த்திருப்பான். பஸ் நின்றதையும் பார்த்திருப்பான். பின்னாலேயே சாலையைக் கடந்து வந்திருக்கிறான். இப்போது அவளை முகத்துக்கு நேரே பார்த்தபடி எங்கே நிற்கிறாய் என்று கேட்கிறான்.

ஆனால் ஓடிவந்து கையைப் பிடிக்கவில்லை.

அது அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"வழி தவறிப் போச்சுண்ணே. யாரோ ரோட்டைத் தாண்டிக் கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாரு."

அவன் மூச்சு விடுவது கேட்டது.

"நான் வரட்டா?"

"வேண்டாம்."

சலங்கை இரண்டு காதிலும் குலுங்கியது.

"நீ சாப்பிட்டியா?" என்றாள்.

"இல்ல."

"போயிச் சாப்பிடு. பசி தாங்க மாட்டே."

"நீ வந்ததும் சாப்பிடுவோம்ளா."

"எனக்கு நேரமாகும். நீ போ." சற்று நிறுத்தி, "போண்ணே" என்றாள்.

அவன் போனை வைக்கவில்லை. எதையோ கேட்கப்போகிறான் என்று தோன்றியது. கேட்கவில்லை.

அவள் காதிலிருந்து போனை எடுக்காமல் நின்றாள்.

முதலில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு வலது காதில் சலங்கை கொஞ்சம் மங்கியது. இன்னும் கொஞ்சம். அதன்மேல் ஒரு ஆட்டோ ஓடியது. யாரோ இந்தியில் பேசிக்கொண்டு போனார்கள். சலங்கை அடியில் எங்கோ லேசாக இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

இடது காதில் மட்டும் இருந்தது.

"சாப்பிடப் போறேன்" என்றான்.

"சரிண்ணே."

போனைப் பைக்குள் போட்டாள். உள்ளங்கை வேர்த்திருந்தது. சேலையில் துடைத்துக்கொண்டாள். இனி திரும்பிக் கூப்பிட்டாலும் அவன் பக்கத்தில் இல்லை.

சலங்கை வந்த திசையில் குச்சியை நீட்டி நடந்தாள். வண்டிச் சக்கரத்தில் தட்டியது.

"சிக்னலுக்குப் போகணும்ங்க."

மெஷின் நின்றது. வண்டிக்காரர் ஈரக்கையைத் துணியில் துடைத்தபடி சுற்றிக்கொண்டு வந்தார்.

"கையைக் குடும்மா, நான் இட்டுனு போய் வுடறேன்."

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

"இப்டிக்கா" என்றார். கையைக் காட்டியிருக்க வேண்டும். அப்புறம் நினைவு வந்து, சரியாகச் சொல்ல வேண்டுமே என்று யோசிக்கிறவர் போலக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

"சோத்தாங்கைப் பக்கம்மா."

அவள் வலப்பக்கம் திரும்பினாள்.