மண்டபத்துக்குப் போன தெரு

"என்னம்மா ஷமா, கீரைக்காரத் தெரு ஜனம் பூரா கல்யாண மண்டபத்துல இருக்காம். உங்க வடிகால் லட்சணம் இதுதானா?"

நகராட்சிப் பொறியாளர் ராஜராஜனின் குரல் மழை இரைச்சலையும் மீறி போனில் வெடித்தது. உதவிப் பொறியாளர் ஷமா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சார், நேத்து சாயந்திரம் நானே போய்ப் பாத்தேன். தண்ணி நல்லாத்தான் ஓடிச்சு..."

"நேத்துக் கதை எதுக்கு? ராத்திரி பூரா கொட்டித் தீர்த்திருக்கு. இருந்த நிதியையெல்லாம் அந்தத் தெருவுக்குத்தான் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னது நீங்க. கலெக்டர் வர்றதுக்குள்ள போய் என்னன்னு பாருங்க!"

ஷமா ஜீப்பில் ஏறினாள். ஓட்டுநர் பிரபு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே வண்டியைக் கிளப்பினார்.

இந்த ஊரில் தீபாவளி வருகிறதோ இல்லையோ, ஐப்பசி அடைமழையில் கீரைக்காரத் தெரு மண்டபத்துக்குப் போவது மட்டும் நிச்சயம். கட்சிக்காரர்கள் சாம்பார் சாதப் பொட்டலம் கொடுப்பார்கள், கொடுப்பதைப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். வயலெல்லாம் மனையாகி ஊர் பெருக்கப் பெருக்க, வயல் தண்ணீர் வடிந்துகொண்டிருந்த வாய்க்கால்களை மண் போட்டு மூடிவிட்டார்கள். தண்ணீர் பாவம், வேறெங்கே போகும்? தாழ்வாக இருந்த கீரைக்காரத் தெருவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

போன வருஷக் கோடையில் வெள்ள வரைபடம் போடுவதற்காக ஷமா வீடு வீடாக ஏறி இறங்கினாள். வயலை மனையாக்கிக் கட்டிய பொன்னி அவென்யூவில், "எங்க ஏரியாவுல தண்ணியா? மேப்புல சிவப்பு அடிச்சு மனை விலையைக் கெடுத்துடாதீங்க. வடிகாலும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று கேட்டைச் சாத்திக்கொண்டார்கள்.

கீரைக்காரத் தெருவில் பொன்னுத்தாய் மட்டும் சுவரில் இடுப்புக்கு மேலே கையை வைத்து, "இதுவரைக்கும் வந்துச்சும்மா. அளந்துட்டுப் போனவங்க யாரும் திரும்பி வரல. நீங்களாச்சும் வருவீங்களா?" என்று கேட்டாள்.

"வருவேன்க்கா. வடிகால் முடியட்டும், மழைக்குப் பயந்து நீங்க யாரும் மண்டபத்துக்குப் போக மாட்டீங்க. நான் பொறுப்பு!"

ஓர் அரசாங்க அதிகாரி கொடுக்கவே கூடாத வாக்கு. ஆனால் கொடுத்தாயிற்று. கொடுத்ததோடு நிற்கவில்லை, எதிர்த்த ஒப்பந்தக்காரரோடும் சிரித்த மேலதிகாரியோடும் மல்லுக்கட்டி, இந்த ஆடியில் வேலையை முடித்தும் காட்டினாள். முடிந்த அன்று அத்தாவை ஸ்கூட்டரில் கூட்டிவந்து காட்டியபோது, அவர் அந்த சிமென்ட் வாய்க்காலைப் பேரப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எம் மக கட்டினது" என்று வழியில் போனவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார். அந்தப் பெருமையெல்லாம் இப்போது ஜீப்பின் சக்கரத்தில் நசுங்கிக்கொண்டிருந்தது.

தெருவுக்குப் போகிற வழியில்தான் மண்டபம். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. குழந்தைகள் தூணுக்குத் தூண் ஓடிக்கொண்டிருந்தன. ஈரப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பொன்னுத்தாய் எதிரே வந்தாள்.

"வாங்கம்மா! உங்களைத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

ஷமாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எப்பக்கா வந்தீங்க?"

"விடியறதுக்கு முன்னாடியே வந்துட்டோம். வீட்டைப் பூட்டிக்கிட்டு தெருவே இங்கதான் இருக்கு."

"தண்ணி எவ்வளவு?"

"இடுப்புக்கு மேலங்கறாங்க. கட்டிலு, ஃபிரிட்ஜு எல்லாம் மெதக்குதாம். கரன்ட்டும் இல்ல. பச்சப் புள்ளைங்களை வச்சுக்கிட்டு என்னதான் பண்ணும் பாவம்!"

ஷமாவின் கண்ணில் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "மன்னிச்சிடுங்கக்கா. தண்ணி ஓடுற வாட்டமெல்லாம் நானே நின்னு பாத்துத்தான் போட்டேன். எங்க தப்புப் பண்ணேன்னு தெரியல. குடுத்த வாக்கைக் காப்பாத்த முடியல."

பொன்னுத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "காலையிலேர்ந்து பட்டினியா? அதான் என்னென்னமோ பேசுறீங்க." சுடச்சுட ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள்.

"வேணாங்க்கா. உங்களுக்கு வந்த சாப்பாட்டை நான் எப்படிச் சாப்பிடுவேன்? எந்தக் கட்சி அனுப்புச்சு?"

அவ்வளவுதான். பொன்னுத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "ஏய் ஈஸ்வரி, இந்த அம்மா கேக்குறதைக் கேட்டியாடி!"

"என்னக்கா, இதுல சிரிக்க என்ன இருக்கு?" ஷமாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

பொன்னுத்தாய் அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள். அங்கே அண்டா அண்டாவாகச் சாதம் வெந்துகொண்டிருந்தது. தெருப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எந்தக் கட்சியும் இல்லம்மா. வீட்டுக்குக் கொஞ்சம் அரிசி போட்டு நாங்களே ஆக்குறோம். பெரிய அண்டா இங்கதானே இருக்கு?"

"இவ்வளவு சாப்பாடு யாருக்குக்கா?"

"பொன்னி அவென்யூவுக்கு! அங்கதான் இடுப்புக்கு மேல தண்ணி. வெளிய தெரிஞ்சா மனை விலை போயிடும்னு யாருக்கும் சொல்லாம மாடியில பட்டினியா உக்காந்திருக்காங்கன்னு, அங்க வேலைக்குப் போற ஈஸ்வரிதான் வந்து சொன்னா. நம்ம தெருவுல கணுக்கால் அளவு தண்ணிகூட நிக்கலம்மா. வருஷா வருஷம் பொட்டலம் வாங்கின நாங்க, இன்னைக்குக் குடுக்கப் போறோம்!"