வாட்ச்மேன் வாராரு

“அந்த சிடியைத் தரப் போறியளா இல்லையா அண்ணாச்சி?”

ஜெராக்ஸ் கடை வேல்சாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அது விக்கிறதுக்கு இல்ல தாயி.”

“விளையாடக் கேக்கல. உடைக்கக் கேக்கேன்.”

கேட்டவள் இசக்கிசெல்வி. பிடித்தால் உடும்புப்பிடிதான்.

அவள் தேடியது ஒரு பழைய கம்ப்யூட்டர் கேம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், அவள் அப்பா கோமதிநாயகம் வாட்ச்மேனாக இருந்த காலேஜில் படித்த பயல்கள் செய்தது. பெயர் ‘வாட்ச்மேன் வாராரு’. பையன்கள் காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதிப்பார்கள். முறுக்கு மீசையும் சிவப்புத் துண்டுமாக வாட்ச்மேன் விரட்டுவார். கடைசியில் சாக்கடையில் விழுவார். மீசை, துண்டு எல்லாம் அச்சு அசல் அவள் அப்பாதான்.

வேல்சாமி அப்போது பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். அங்கே ஆரம்பித்து கேம் சங்கரன்கோவில் முழுக்கப் பரவிவிட்டது. சின்ன வயதிலேயே போலியோ வந்த காலை இழுத்து இழுத்து அப்பா தெருவில் வந்தால், பொடிசுகள் “வாட்ச்மேன் வாராரு” என்று கத்தும். அவர் பேசாமல் போவார். கூடப் போகிற இசக்கிசெல்விக்குத்தான் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருக்கும்.

நல்லவேளை, செல்போனிலேயே கேம் வந்ததும் அந்த கேமை எல்லாரும் மறந்துபோனார்கள். இப்போது கடையிலும் இல்லை, நெட்டிலும் இல்லை. ஆனால் போன மாசத்திலிருந்து எவனோ ஒருத்தன், யூடியூப்பில் போடப்போகிறேன் என்று சிடி தேடி அலைகிறான். அவன் கையில் சிக்கினால் அப்பாவின் மானம் மறுபடியும் கப்பலேறும். விடுவாளா இவள்?

திருவேங்கடத்தில் ஒன்றைப் பிடித்தாள். பனவடலிசத்திரத்தில், மயிலை விரட்ட மக்காச்சோளக் காட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்த இன்னொன்றையும் அவிழ்த்து வந்தாள். “கல்யாண வயசுல கேம் கேக்குதோ?” என்று காட்டுக்காரர் சிரித்தார். சிரிச்சிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து இரண்டையும் சுக்குநூறாக உடைத்தாள். அவள் விசாரித்த வரைக்கும் மிச்சம் இருப்பது வேல்சாமியிடம் இருக்கிற இந்த ஒன்றுதான்.

“அந்த யூடியூப்காரன் இங்கன வந்தானா?”

“வந்தான். அவனுக்கும் கெடையாதுன்னுட்டேன்.”

“பொறவு எதுக்கு வச்சிருக்கிய? எங்கப்பா சாக்கடைல விழுததப் பாத்துப் பாத்துச் சிரிக்கவா? கால் வெளங்காத மனுசனக் கேலி பண்ணுததுல அப்பிடி என்ன சந்தோசம் உங்களுக்கு?”

வேல்சாமியின் முகம் சுண்டிவிட்டது.

“ஏட்டி, வார்த்தைய விடாத. சிடி என்னது இல்ல.”

“யாருதுன்னு சொல்லுங்க. அங்கன போயி உடைக்கேன்.”

வேல்சாமி ஜெராக்ஸ் மிஷினை நிறுத்தினார்.

“உங்கப்பாவுது.”

“எங்கப்பாவுதா?”

“சென்டர மூடும்போது கேட்டு வாங்குனாரு. உங்க வீட்டுலதான் கம்ப்யூட்டர் இல்லையே, அதனால இங்கனயே இருக்கட்டும்னாரு. அவருக்காவத்தான் அந்தா மூலைல கெடக்க ஓட்டக் கம்ப்யூட்டரத் தூக்கிப் போடாம வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம ஆனா வந்துருவாரு. சாக்கடை வாரதுக்கு முன்னால நிறுத்திட்டு, மறுபடியும் மொதல்ல இருந்து போடச் சொல்லுவாரு.”

“அதுல போயி என்னத்தப் பாக்காரு?”

“நானும் ஒருநா கேட்டேன். ‘வேலு, நான் ஓடி நானே பாத்தது இதுல மட்டுந்தாம்ல’ன்னாரு.”