மிஷினுக்குத் தெரியாத நம்பர்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு நான்கு விழுந்தது.

துலுக்கானம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். யாரும் எதையும் தொடவில்லை. மருமகள் சுதா அடுப்படியில் இருந்தாள். அவர் மனைவி அங்கம்மா நான்கு மாதமாகக் கிடக்கிற மாதிரியே கட்டிலில் கிடந்தாள். பக்கவாதத்தில் பேச்சும் போய், வலது பக்கமும் போய்விட்டது. அந்த வலது கைக்கு அடியில்தான் கீபேட்.

சுதாவின் பழைய கீபேட் அது. அம்பத்தூர் கம்பெனி ஒன்றுக்கு சேக்காட்டில் இருக்கும் இந்த வீட்டிலிருந்தே உதிரிபாகங்களின் பார்ட் நம்பர் அடித்துக் கொடுக்கிறவள் அவள். வயர் கிடையாது, நம்பர் பொத்தான்கள் மட்டும்தான். கைக்கு அமுக்க எதையாவது கொடுங்கள் என்று பிசியோதெரபி பார்க்க வரும் ஆக்னஸ் சொன்னதால் எடுத்து வைத்தாள். பிரயோஜனமில்லை, இந்த மாதத்தோடு ஆக்னஸை நிறுத்திவிடலாம் என்று மகன் இளங்கோ நேற்றுத்தான் சொல்லியிருந்தான்.

இன்னொரு நான்கு.

சுதாவை அவர் கூப்பிட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அவள் வந்து பார்த்தாள். பழைய சாமான் மாமா, அதுவாகவே அடிக்கும், அதனால்தான் ஓரம் கட்டினேன் என்றாள்.

துலுக்கானத்துக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. சுதாவை நம்பவில்லை. கீபேடை நம்பவில்லை. அங்கம்மாவின் விரலை உற்றுப் பார்த்தார். அசைந்ததா, ஃபேன் காற்றா, சொல்ல முடியவில்லை. கண்புரை வந்த தன் கண்ணையும் நம்பவில்லை.

கீபேடை உருவிக் கவிழ்த்துத் தட்டினார். பொறை ரொட்டித்தூள் கொட்டியது. பேட்டரியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டார். கம்ப்யூட்டரில் சொருகியிருந்த குட்டி ரிசீவரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகச் சொன்னார். பிறகு கீபேடைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் நின்றார்.

பத்து நிமிஷம். ஒன்றும் விழவில்லை.

எடுத்து வந்து மறுபடி கைக்கு அடியில் வைத்தார்.

ஏழு.

எழுபத்துநாலு வயசு ஆள் குதிக்காத குறை. கை கனத்தில் பொத்தான் அமுங்கியிருக்கும் என்றாள் சுதா. அதுவும் நியாயமாகவே பட்டது. அதுதான் எரிச்சல்.

அப்படியானால் அங்கம்மாவையே ஒரு நம்பர் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். உங்கள் போன் நம்பரைக் கேளுங்கள் என்றாள் சுதா. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. போன் நம்பர், ஆதார் நம்பர், கேஸ் கனெக்‌ஷன் நம்பர் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது. அதுவே எடுத்துப் போட்டு ஏமாற்றும். மிஷினுக்குத் தெரியாத நம்பராக இருக்க வேண்டும்.

அங்கம்மாவின் காதருகே குனிந்தார்.

"இந்தாமே, நம்ம கல்யாணத்தப்ப எனுக்கு இன்னா வயசு? அமுக்கு பாக்கலாம்."

அங்கம்மாவின் கண் அவர் முகத்திலேயே நின்றது. சுதா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

மூன்று.

சுதா உச்சுக் கொட்டினாள். இருபத்துநாலு வயசில் கல்யாணம் முடித்த கதையை அவர் சொல்லி அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள்.

துலுக்கானம் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார்.

வெகுநேரம் கழித்து அந்த மூன்றுக்குப் பக்கத்தில் ஓர் ஒன்று வந்து விழுந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

"முப்பத்தொண்ணா? கை பட்டு கண்டத அடிக்குது மாமா, ஆஃப் பண்ணிடறேன்" என்று சுதா கையை நீட்டினாள்.

அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"எடுக்காத. அதுல ஒரு கோளாறும் இல்ல. ஆக்னஸுக்கு போன் போடு."

பெண் பார்க்கப் போன அன்று ஏழு வயசைக் குறைத்துச் சொன்னது தன்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது என்று நாற்பத்துமூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவர், பெண்டாட்டி கண்ணைப் பார்க்க வெட்கப்பட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.