பெட்டிக்குக் கனம் அதிகம்

"அண்ணே, நாம அனுப்புறது புத்தகமா, மரமா?"

எல்லார் முன்னாலும் இப்படிக் கேட்டேன். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. செயலாளர் பதவி அப்படி.

எங்களுக்குச் சும்மாவே பெட்டி செய்து கொடுக்கும் தச்சர் அண்ணன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் செருகிக்கொண்டார்.

அச்சகத்தின் பின்கட்டுதான் எங்கள் சங்கம். சனிக்கிழமை மதியம் ஏழெட்டுப் பேர் கூடுவோம். கடல் தாண்டி ஒரு நாட்டில், குடியுரிமை இல்லாத மக்களின் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் கொட்டகை போட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் புத்தகம் சேர்த்து அனுப்புவது எங்கள் வேலை. பசை வாசனை, ஆறிப்போன டீ, யார் போட்ட முடிச்சு அவிழ்ந்தது என்று சண்டை. இப்போதும் அந்த மதியங்களுக்காக மனசு ஏங்குகிறது.

நாற்பது கிலோவுக்கு மேல் போனால் பெட்டியைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அண்ணன் செய்யும் பெட்டியோ காலியாகவே பதினைந்து கிலோ. தடித் தடிப் பலகை. ஆணி அடித்தால் போதாதா, எல்லாம் ஸ்குரூ. தேவையே இல்லாத இடத்தில் துளை வேறு.

"சன்னப் பலகையில செஞ்சா பெட்டிக்கு இருபது புத்தகம் கூட வைக்கலாம்ணே. எத்தனை தடவை சொல்றது?"

"கடல்ல போறது தங்கச்சி. கெட்டியா இருக்கட்டும்."

"பிள்ளைங்க படிக்கணுமா, இல்ல உங்க கைவேலையைப் பாத்து ரசிக்கணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கே தீர்மானம் போட்டோம். இனிமேல் பெட்டி வேலை வெளியாளுக்கு.

"இன்னும் நாலே நாலு பெட்டி செஞ்சு குடுத்துடறேனே," என்றார். கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

"வேண்டாம்ணே."

கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவர், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து அந்த டீச்சரே எங்களைப் பார்க்க வந்தார், மொழிபெயர்க்க ஒரு பெண்ணோடு. வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"பெட்டி செஞ்சவர் எங்கேன்னு கேக்கறாங்க," என்றாள் அந்தப் பெண்.

"அவர் இப்ப வர்றதில்ல. ஏன், பெட்டி ஏதாவது உடைஞ்சுதா?"

டீச்சர் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். வரிசையாக பெஞ்சுகள், பெஞ்சுக்கு நாலு பிள்ளைகள். பலகைகளில் எங்கள் சங்கத்து முத்திரை தலைகீழாகத் தெரிந்தது.

"பெஞ்சில இடம் இருக்கற பிள்ளைக்குத்தான் பரீட்சைன்னு அங்க அதிகாரி சொல்லிட்டாராம். அதை உங்களுக்கு லெட்டர்ல எழுதினாங்களாம்."

எழுதியிருந்தார். கூட்டத்தில் வாசித்தது நான்தான். 'நம்ம வேலை புத்தகம் மட்டும்' என்று மடித்து வைத்ததும் நான்தான்.

"அடுத்து வந்த பெட்டியில ஒரு படம் இருந்துதாம். ரெண்டு பெட்டியைக் கழட்டினா ஒரு பெஞ்சு. எந்தத் துளையில எந்த ஸ்குரூன்னு அழகா வரைஞ்சிருந்துதாம்."

அண்ணன் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று நான் கேட்கவே முடியாது. சொல்லியிருந்தால் முதல் பெட்டியையே நிறுத்தியிருப்பேன். அது அவருக்கும் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போட்டோவின் ஓரத்தில் எட்டுப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்க?"

"இவங்க மட்டும் இன்னும் பரீட்சை எழுதலையாம்."

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக ஏதோ சொன்னார். அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அப்புறம் வந்த பெட்டியெல்லாம் சன்னமா இருந்துதாம். உங்க ஊர்ல மரத்துக்குப் பஞ்சம் போலன்னு இந்த எட்டுப் பிள்ளைங்களும் உங்களுக்காக ரொம்ப வருத்தப்பட்டாங்களாம்."