வெடி சார்

காகிதப் பையை ஊதி, வாயை முறுக்கிப் பிடித்து, இன்னொரு கையால் ஓங்கி ஒரு அறை விட்டார். டமார். முதல் வருஷப் பிள்ளைகள் எண்பது பேரும் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள்.

"பிரபஞ்சம் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றார் விரிவுரையாளர். பன்னிரண்டு வருஷமாக இதே பை, இதே சிரிப்பு. கல்லூரி முழுக்க அவருக்கு 'வெடி சார்' என்றுதான் பேர், அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

ஆனால் பன்னிரண்டு வருஷமும் தற்காலிக வேலை. இந்தப் பருவம் முடிந்ததும் ஒரே ஒரு நிரந்தர இடம் வருகிறது. போட்டிக்கு இருப்பவள், பக்கத்துப் பிரிவுக்கு இதே பாடம் எடுக்கிற, நேற்று வந்த பெண். அவள் வகுப்பில் பிள்ளைகள் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து வாக்குவாதம் பண்ணுவார்கள். ஒரே சந்தைக்கடை.

நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தாள் ஓர் ஆராய்ச்சி மாணவி. பிரபஞ்சப் பாடத்தை எப்படி நடத்துகிறார்கள் என்று ஆராய்கிறாளாம். இரண்டு பிரிவுக்கும் முதல் நாளே ஒரு கேள்வித்தாள் கொடுத்தாள், கடைசி நாளும் அதையே கொடுப்பாளாம். நடுவில் மூன்று மாதம் கேமராவோடு உட்கார்ந்தாள்.

"நான் ஏதாவது மாத்திக்கணுமாம்மா?"

"எதையுமே மாத்தாதீங்க சார். எப்பவும் போலவே நடத்துங்க."

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கேமரா என்னவோ பிள்ளைகள் பக்கமே திரும்பியிருந்தது. அவர்கள் ரசிப்பதைப் படம் பிடிக்கிறாள் போல, என்று நினைத்துக்கொண்டார்.

அறிக்கை தயார் என்று கேள்விப்பட்டதும் அவளை வராந்தாவில் மடக்கினார்.

"கல்லூரி முதல்வர்கிட்ட குடுத்துடும்மா. என் பிழைப்பே இதுலதான் இருக்கு."

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "வேண்டாம் சார். நீங்க முதல்ல படிச்சுப் பாத்துட்டு..."

"நான் எதுக்கு படிக்கணும்? உனக்குக் கூச்சமா இருந்தா கொண்டா, நானே குடுத்துடறேன்." விடாப்பிடியாக உறையை வாங்கிக்கொண்டு போய், தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தார், பாவம்.

மறுநாள் முதல்வர் கூப்பிட்டனுப்பினார். உள்ளே அந்தப் பக்கத்துப் பிரிவுப் பெண் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல் நாள் குடுத்த அதே கேள்வித்தாள்ல, கடைசி நாள் இவங்க பிரிவுல பசங்க மார்க் ரெண்டு மடங்கா ஏறியிருக்கு. உங்க பிரிவுல பாதியாயிடுச்சு."

"அதெப்படி சார்? மூணு மாசம் நான்தானே நடத்தினேன்?"

"ஆமா. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி பசங்களுக்கு நல்லாத்தான் தெரிஞ்சிருக்கு."