அதே தவில் தட்டு

கனகலிங்கத்தின் வீட்டில் காலையிலேயே தவில் தொடங்கிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் விமலேஸ்வரி காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"படலை திறந்தாலும் எனக்குக் கேளாது. பிள்ளை வந்து கூப்பிட்டாலும் கேளாது. போய்ச் சொல்லுங்கோ அவனுக்கு."

அப்புத்துரை சால்வையை உதறித் தோளில் போட்டார். மகன் கஜரூபனை, சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவனிடமிருந்து ஒரு சொல் இல்லை. அன்று படுத்தவள்தான் விமலேஸ்வரி. படலைச் சத்தத்துக்குக் காது கொடுப்பதைத் தவிர அவளுக்கு இப்போது வேறு வேலை கிடையாது.

வேலிப் பொட்டுக்குள்ளால் அவர் நுழைந்து போனபோது, கனகலிங்கம் கணினிக்கு முன்னால் இருந்தான். பக்கத்தில் பாய் விரித்து, அதன்மேல் வைத்திருந்த இரண்டு ஸ்பீக்கர்ப் பெட்டிகளும் அதிர்ந்துகொண்டிருந்தன.

சமாதான காலத்தில் பாதை திறந்த புதிதில், சுவிஸில் இருக்கும் அவன் தம்பி கொண்டுவந்து கொடுத்த தட்டுகள் மேசை நிறையக் கிடந்தன. பார்க்கச் சீடி மாதிரித்தான். ஆனால் வாசிக்கிறவன் மூச்சு எடுப்பதுகூடக் கேட்கும், அவ்வளவு நுணுக்கமான பதிவு. கணினிக்குள் நேரே போட்டால் அது தட்டை வாசிக்காது. அதற்கென்று உள்ள பிளேயரில் ஓடவிட்டு, வயர் வழியாகக் கணினிக்குள் எடுத்துத்தான் பைலாக்க வேண்டும்.

"முந்தநாளும் உந்தத் தட்டுத்தானே போட்டனீ?"

"அது வடிவாய்ப் பதியேல்லை அண்ணை. இரைச்சல் விழுந்திட்டுது."

"வீணைத் தட்டும் கிடக்கெல்லோ. அதைப் போடன். மனுசி கொஞ்சம் கண்ணயரட்டும்."

"அது பிறகு."

"கூரையில சோலர் பூட்டினது இதுக்குத்தானோ? எப்பிடியோ மகளை உவங்களிட்டைப் பிடிபடாமல் ஓமந்தை தாண்டி அனுப்பிப்போட்டாய். இனி உனக்கென்ன, மேளம் அடிச்சுக் கொண்டாடு."

 கனகலிங்கம் கையை நீட்டிச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

குசினியிலிருந்து அவன் மனைவி கமலாசனி ஆவி பறக்கும் கொத்தமல்லித் தண்ணியோடு வந்தாள். அப்புத்துரையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஆருக்குப் பிள்ளை தடிமன் சளி?"

"எனக்குத்தான் அண்ணை," என்றாள் அவள் கணீரென்று.

அப்புத்துரை வீட்டுக்குத் திரும்பவில்லை. கோபம் அவரை நேரே சந்திக் கந்தோருக்குக் கொண்டுபோனது. மகனைக் கொண்டுபோனவர்களின் அலுவலகம். அங்கே இருக்கும் நிருஷனிடம் அவர் கேட்காத நாளில்லை. அவனும் "விசாரிச்சுச் சொல்லுறன் ஐயா" என்று சொல்லாத நாளில்லை.

அன்று அவர் வேறொன்று கேட்டார்.

"என்ரை பெடியனைத்தான் கண்ணில காட்ட மாட்டியள். அந்தத் தவிலையாவது நிப்பாட்டித் தாங்கோவன், தம்பி."

நிருஷன் நிமிர்ந்தான். "என்ன தவில்?"

அப்புத்துரை தனக்குத் தெரிந்தமட்டும் சொன்னார். தட்டைச் சொன்னார், வயரைச் சொன்னார், ஒரே தட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிற விசரைச் சொன்னார். நிருஷன் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டான். அவர் சொன்னதை அந்தக் கந்தோரில் ஒருவன் இவ்வளவு கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏறுங்கோ ஐயா," என்று மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

அவர்களைக் கண்டதும் கனகலிங்கம் கதிரையை விட்டு எழுந்தான்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை," என்றான் நிருஷன். "உங்கடை வேலையைக் குழப்ப வரேல்லை. ஐயாவின்ரை மனுசிக்குச் சுகமில்லையாம்."

"தம்பி கொம்பியூட்டர் படிச்சவர்," என்று அப்புத்துரை பெருமையாகச் சொன்னார். "கெதியா முடிக்க ஒரு வழி காட்டுவார்."

நிருஷன் குந்தியிருந்து வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"பதியிறதுக்கு இந்த வயர் காணும் அண்ணை. ஸ்பீக்கர் என்னத்துக்கு? அதை நிப்பாட்டினாலும் உள்ளுக்குப் பதியுமே."

"தெரியும் தம்பி. காதால கேட்டுக்கொண்டு பதிஞ்சால்தான் எனக்கு..."

"முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ தம்பி," என்று கமலாசனி இடையில் புகுந்தாள். "இஞ்ச புழுக்கம். வெளியில கதிரை போடுறன், வாங்கோ."

நிருஷன் ஸ்பீக்கரை நிறுத்தினான்.

தவில் அறுந்து விழுந்தது. கணினித் திரையில் மட்டும் பச்சைக் கோடுகள் சத்தமில்லாமல் துள்ளிக்கொண்டிருந்தன.

"பாத்தியளே? பதியுது."

அப்புத்துரைக்கு நெஞ்சு குளிர்ந்தது. இனி விமலேஸ்வரிக்குப் படலைச் சத்தம் கேட்கும். இந்தப் புத்தி தனக்கு முதலே வரவில்லையே என்றுகூட நினைத்தார்.

அப்போதுதான் பாய்க்குக் கீழே, நிலத்துக்குள்ளிருந்து அந்த இருமல் வந்தது. துணியை வாய்க்குள் திணித்தும் அடங்காத, இழுத்து இழுத்து வருகிற ஒரு பெண்பிள்ளையின் இருமல்.

கமலாசனி அப்படியே பாயின்மேல் இருந்துவிட்டாள். கனகலிங்கம் நிருஷனைப் பார்க்கவில்லை. அப்புத்துரையைத்தான் பார்த்தான்.

நிருஷன் அவசரப்படவில்லை. ஸ்பீக்கர்ப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பக்கத்தில் வைத்தான். பிறகு திரும்பி, மரியாதையாகவே சொன்னான்.

"நீங்கள் வீட்டை போங்கோ ஐயா. இனிச் சத்தம் வராது."